பதில் வராதவர்கள்

அத்தியாயம் ஒன்பது

மார்ச் 12, புதன்கிழமை.

இன்று கணக்கில் ஒரு சின்னத் தவறு செய்தேன். எங்கள் மையத்தில் ஆலோசனை பெற்றுப் போன மாணவர்களில், முடிவு என்ன ஆயிற்று என்று பதிலே போடாதவர்களையும் சேர்த்து வகுத்துவிட்டேன். தங்கையின் வாய்ப்பு படுமோசமாக வந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகுதான் கவனித்தேன். பதில் வராதவர்களை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். இப்போது சரியாக இருக்கிறது. இரண்டில் ஒன்று. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் வகுப்பதற்கு முன்னால் வெற்றுக் கட்டங்களைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து பெரியவள் தன் டைரியில் இதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ நெருடியது. அவளுக்கு எப்போதும் எதுவாவது நெருடும். கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். பாதித் தெரு போய்விட்டுத் திரும்பி வந்து மூன்றாவது தடவையும் இழுப்பாள். அதனால் இந்த நெருடலையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

வீட்டில் ஒரு வாரமாக நடந்த இழுபறி நேற்று ராத்திரிச் சாப்பாட்டோடு முடிந்திருந்தது. சின்னவள் நான்கு பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருந்தாள். நூறு பேர் தட்டினால் ஐந்தாறு பேருக்குக் கதவைத் திறக்கும் இடங்கள். முடிவு வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் ஊரிலேயே இருக்கும் கல்லூரி அவளுக்கு ஓர் இடத்தை நீட்டிவிட்டது. நல்ல கல்லூரி, நல்ல பாடம். ஒரே நிபந்தனை: "வேறெங்கும் போக மாட்டேன்" என்று இந்த வாரத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் விலகல் கடிதம் கொடுத்துவிட வேண்டும். காத்திருப்போர் வரிசையில் அடுத்தவருக்கு அந்த இடம் போகும்.

அப்பாதான் வழி சொன்னார். "நாலுல ஏதாவது ஒண்ணு கிடைக்கப் பாதி வாய்ப்பாவது இருந்தா துணிஞ்சு விட்டுடலாம். அதுக்குக் கீழேன்னா உள்ளூர்தான். அப்புறம் அழக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் சின்னவள். "ஆனா கணக்கை அக்காதான் போடணும்."

பெரியவளைவிட்டால் வேறு யார்? அவள் வேலை பார்ப்பதே கல்லூரி ஆலோசனை மையத்தில். மாணவர்களின் மதிப்பெண், கட்டுரை, போட்டிப் பரிசு எல்லாவற்றையும் பார்த்து, யாருக்கு எங்கே கிடைக்கும் என்று மதிப்பிடுவதுதான் அங்கே அவள் பிழைப்பு. போதாததற்கு மாலை வகுப்பில் புள்ளியியல் வேறு படிக்கிறாள். அவள் போட்டாள். பாதி என்று வந்தது. சின்னவள் விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அப்பாவின் சட்டைப் பையில் சொருகிவிட்டு, கூடத்தில் ஒரு ஆட்டம் போட்டாள்.

இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கும் பெரியம்மாவுக்குத் துணையாகப் போயிருந்த அம்மா மட்டும் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள்.

"பாதிதானா? மீதிப் பாதியை எங்கடி வெச்சே?"

எல்லோரும் சிரித்தார்கள்.

*

மையத்தின் பெயர்ப்பலகையைவிடப் பெரியது அதன் வரவேற்பறைச் சுவர். மேலிருந்து கீழ்வரை சிரிக்கும் முகங்கள். பெரிய இடத்தில் சேர்ந்தவர்கள் தங்கள் படத்தோடு வந்து, தங்கள் கையாலேயே ஆணியில் மாட்டிவிட்டு, மையத்தை நடத்தும் மேடத்தின் கையைக் குலுக்கிவிட்டுப் போவது அங்கே வழக்கம். வராதவர்களுக்கு இரண்டு முறை மின்னஞ்சல் போகும். அதற்கும் பதில் இல்லையென்றால், கோப்பில் அவர்கள் பெயருக்கு நேரே இருக்கும் கட்டம் வெறுமையாகவே இருந்துவிடும்.

பதில் போடாதவர்களைப் பற்றிப் பெரியவள் அதிகம் யோசித்ததில்லை. முகவரி மாறியிருக்கும். பெரிய இடத்துக்குப் போனபின் பழைய ஆட்கள் எதற்கு என்று இருந்திருக்கும்.

"வா, வா" என்று மேடம் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். "ராத்திரி நீ அனுப்பின கணக்கைத்தான் தலைப்பா போட்டிருக்கேன். பாரு."

புது விளம்பரத் தாளின் மாதிரி. மேலே கொட்டை எழுத்தில்: எங்கள் மாணவர் இருவரில் ஒருவர் உள்ளே!

"மேடம், அது என் தங்கை மாதிரி நல்ல மதிப்பெண் வாங்கினவங்களுக்கு மட்டும்..."

"அதெல்லாம் கீழே சின்னதாப் போட்டுக்கலாம். அச்சகத்துக்குப் போய் ஒரு தடவை சரிபார்த்துட்டு ஓட்டச் சொல்லிடு. மத்தியானத்துக்குள்ள கையில வேணும்."

பாராட்டு கேட்டு வளர்ந்தவள் அல்ல பெரியவள். காதுமடல் சூடேறியது. தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

*

அச்சகம் இரண்டு தெரு தள்ளி, ஒரு செருப்புக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே இருந்தது. உள்ளே இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. விரலெல்லாம் மையோடு ஓர் இளம்பெண் தாளை வாங்கிப் பார்த்தாள். தலைப்பைப் படித்தாள். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மறுபடி படித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"இருவரில் ஒருவரா? அப்போ அந்த இன்னொருத்தி நான்தான்."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் பிடிபட ஒரு கணம் ஆயிற்று. இரண்டு வருடம் முன்பு மையத்துக்கு வந்தவள். கணிதப் போட்டியில் பதக்கம் வாங்கியவள். கோப்பில் இருந்த அவள் மதிப்பெண்கள் இன்றைக்கும் மனப்பாடம். சின்னவளுடையதைவிட ஒரு படி மேல்.

பெயருக்கு நேரே இருந்த கட்டம்? வெறுமை.

"நீங்க... வெளியூர் போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. நல்லதுதானே." அச்சகப் பெண் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இல்லையே, தப்பாச் சொல்லிட்டேன். நான்தான் பதிலே போடலையே. அப்போ நான் இந்த ரெண்டு பேர்லயும் இல்ல, சரிதானே?"

பெரியவள் ஓர் அடி நெருங்கி வந்தாள்.

"ஏன் பதில் போடல?"

"என்னன்னு போடறது? 'நாலு கதவையும் மூஞ்சியில சாத்திட்டாங்க, இப்படிக்கு உண்மையுள்ள'ன்னா? உங்க மேடம் அதை எந்த ஆணியில மாட்டுவாங்க?"

"மத்தவங்களும்..."

அச்சகப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். ஒரு வாட்ஸ்அப் குழு. அதன் பெயர்: சுவருக்கு வெளியே.

"எல்லாம் நம்ம ஆளுங்கதான். வருஷா வருஷம் புதுசாச் சேருவாங்க. யாராவது வந்தா வரவேற்புரையெல்லாம் உண்டு, தெரியுமா?"

பெரியவள் விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே போனாள். ஒவ்வொரு முகமாக வந்தது. ஒவ்வொரு வெற்றுக் கட்டத்துக்கும் ஒரு முகம். ஊர் மாறியவர்கள் என்று அவள் நினைத்தவர்கள், முகவரி மாறியவர்கள் என்று நினைத்தவர்கள், அத்தனை பேரும் வரிசையாக அங்கே இருந்தார்கள்.

"இதுல யாருக்காவது கிடைச்சிருக்கா? ஒருத்தருக்காவது?"

"கிடைச்சிருந்தா சுவத்துல பல்லைக் காட்டிட்டு இருப்பாங்க. இங்க அவங்களுக்கு என்ன வேலை?" கைபேசியைத் திரும்ப வாங்கியவள் விளையாட்டாகக் கேட்டாள். "அடுத்த மாசம் யாரைச் சேர்க்கணும்னு சொல்லுங்க. இடம் பிடிச்சு வைக்கிறேன்."

பெரியவள் விளம்பரத் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"அச்சை ஓட்டாதீங்க" என்றாள். "நிறுத்தி வைங்க."

"உங்க மேடம் திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவாங்க."

வெளியே வந்து நடைபாதையில் நின்றாள். மனக்கணக்குக்கூடத் தேவைப்படவில்லை. புதன்கிழமை முதலில் வந்ததே, அவளைக் கலங்கடித்த அந்த எண், அதுதான் சரியானது. பத்தில் ஒன்று தேறினால் பெரிய விஷயம். தவறைத் திருத்துவதாக நினைத்து அவள் உட்கார்ந்து செய்ததுதான் தவறு.

சட்டைப் பையில் சொருகிய கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. அப்பா எப்போது கொடுப்பதாகச் சொன்னார்? வேலை முடிந்து வரும்போது என்றா, போகும்போது என்றா?

அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். கூண்டுக்கு மேலே ஏறி வேலை செய்யும்போது கைபேசி கூடாது. அது எங்கோ ஒரு பையில் கிடந்து தனக்குத்தானே பாடிக்கொண்டிருக்கும்.

*

அன்று அவருக்கு வேலை கடைவீதி முனையில் இருந்த அலுவலகக் கட்டடத்தில். தரைத்தளத்தில் மஞ்சள் தடுப்பு வைத்திருந்தார்கள். லிஃப்ட்டின் கதவு ஓர் ஆள் அகலத்துக்குத் திறந்து கிடந்தது. உள்ளே கும்மிருட்டு. எங்கோ உயரத்தில் ஒரு விளக்கு மட்டும் ஆடியது.

"அப்பா!"

"யாரது? பெரியவளா? தள்ளி நில்லு! எட்டிப் பாக்காதே!"

"அந்தக் கடிதத்தைக் குடுத்துட்டீங்களாப்பா?"

"காலையிலேயே காலேஜ் பெட்டியில போட்டாச்சு! வர்ற வழிதானே!"

போட்டாச்சு, போட்டாச்சு என்று அந்தக் குரல் சுவருக்குச் சுவர் இடித்துக்கொண்டு அவள் காலடிவரை வந்து விழுந்தது.

சற்று நேரத்தில் அப்பா மாடிப்படி வழியாக இறங்கி வந்தார். முழங்கைவரை கிரீஸ். மகளைப் பார்த்ததும் துணியால் துடைப்பதை நிறுத்தினார்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"கணக்கு தப்புப்பா."

"எவ்வளவு தப்பு?"

"பாதி இல்ல. பத்துல ஒண்ணு இருந்தாலே அதிகம். கிடைக்காதவங்க யாரும் பதில் போடறதில்லப்பா. நான் அவங்களை எடுத்துட்டுக் கணக்குப் போட்டுட்டேன்."

அப்பா மஞ்சள் தடுப்புப் பலகையை நிமிர்த்தினார். நேராகத்தான் இருந்தது, மறுபடியும் நிமிர்த்தினார்.

"நீ பாதின்னு சொன்னே. நான் வேற யார்கிட்டயும் கேக்கல" என்றார்.

திட்டியிருக்கலாம். திட்டினால் தாங்கியிருப்பாள்.

"பெட்டியை எப்போப்பா திறப்பாங்க?"

"நாளைக்குக் காலையில, ஆபீஸ் திறந்ததும். அதுக்கு முன்னாடி போய்க் கேட்டா கடிதத்தைத் திருப்பிக் குடுத்துடுவாங்களாம். காவலாளி சொன்னார். ஆனா கையெழுத்துப் போட்டவளே நேர்ல வரணும்."

"அப்போ இன்னும் நேரம் இருக்கு. நீங்க அவகிட்ட..."

"நான் எப்படிம்மா சொல்றது? எனக்கு இந்தக் கணக்குல ஒரு எழவும் புரியாது. அவ நாலு கேள்வி கேட்டா முழிப்பேன். போட்டவ நீ. நீயே சொல்லிடு." அவர் படியேறினார். பாதியில் திரும்பினார். "இன்னிக்கே சொல்லு. நாளைக்குத் தள்ளாதே."

*

அன்று மாலை வகுப்புக்கு அவள் போகவில்லை. சேர்ந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

வீட்டுப் படியிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. கூடத்தில் மேஜைமேல் ஒரு கேக். பாதி காலியாகியிருந்தது. சின்னவளோடு உட்கார்ந்திருந்தவள் அவளுடைய உயிர்த்தோழி. பக்கத்துத் தெரு. தலையில் அடங்காத முடி; சீப்பு உடைந்த கதைகள் நிறைய. பள்ளிக்கூடத்திலிருந்தே சுருட்டை என்றுதான் பெயர்.

"அக்கா! உங்களுக்கு ஒரு சிலையே வைக்கலாம்!" என்று சுருட்டை எழுந்து வந்து கட்டிக்கொண்டாள்.

"எனக்கு எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்கறாங்க பாரு! காத்திருப்பு வரிசையில முதல் பேரு என் பேருதானே? இவ விட்டுக் குடுத்த இடம் நாளைக்கு எனக்கு வந்துடும். எல்லாம் நீங்க போட்ட கணக்கு."

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். இதை அவள் சொல்லவே இல்லை. சின்னவள் கண்ணைச் சிமிட்டினாள்.

"உனக்கு வேற ஏதோ கிடைச்சிருந்ததே. நர்ஸிங்தானே?" பெரியவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை மத்தியானமே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். சும்மா அடைச்சு வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அங்கயும் ஒரு பொண்ணு காத்துட்டு இருந்தா. வராந்தாவுலயே உக்காந்து அழுதுட்டாக்கா, சந்தோஷத்துல." சுருட்டை ஒரு துண்டு கேக்கை வெட்டி நீட்டினாள். "சாப்பிடுங்க. எங்கம்மா குடுத்து அனுப்பினாங்க."

பெரியவள் வாங்கிக்கொண்டாள். கடிக்காமலே தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

சுருட்டை போகும்வரை அவள் பேச்சே எடுக்கவில்லை. கேக் வந்த பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தாள். வாசல்வரை போய் வழியனுப்பினாள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"ஏய், இன்னிக்கு வகுப்புக்கு மட்டம் போட்டுட்டியா? உலகம் அழியப் போகுது" என்றாள் சின்னவள்.

"உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். அச்சகத்தைப் பற்றி, அந்தக் குழுவைப் பற்றி, வெற்றுக் கட்டங்களைப் பற்றி. கோர்வையாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததில் ஒரு வாக்கியம்கூட உதவிக்கு வரவில்லை.

சின்னவளின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் மட்டும் மிச்சம் இருந்தது.

"எவ்வளவு?"

"பத்துல ஒண்ணு இருக்கலாம். அதைவிடக் கம்மியாவும் இருக்கலாம்."

"இருக்கலாம், இருக்கலாம்! நேத்து மட்டும் 'இருக்கு'ன்னு சொன்னே!"

"தப்புதான்டி. காலையில என்கூட வா. பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி கடிதத்தைக் கேட்டு வாங்கிடலாம்."

"வாங்கிட்டு?"

"கையெழுத்துப் போட்டு இடத்தை உறுதி பண்ணிக்கலாம்."

"சுருட்டை எங்க போவா?"

பெரியவள் மேஜைமேல் சிந்திய கேக் துகள்களைக் கூட்டினாள்.

"நர்ஸிங்கை விட்டுட்டா. உன் காதால கேட்டேல்ல? இதையும் நான் பிடுங்கிக்கிட்டா அவ தெருவுலயா நிப்பா?" சின்னவள் எழுந்துவிட்டாள். "கணக்குல விட்டுப்போனவங்களுக்காக இவ்வளவு வருத்தப்படறே. இப்போ இவளை விட்டுடுன்னு சொல்றே. நல்லா இருக்குக்கா உன் நியாயம்."

"பாதிக்குக் கீழேன்னா உள்ளூர்தான்னு நீ சம்மதம் சொன்னே."

"நீ சரியாப் போடுவேன்னு நம்பிச் சொன்னேன்!"

அறைக்கதவை அடித்துச் சாத்தினாள். மேஜைமேல் இருந்த கத்தி தட்டிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

அதை எடுக்கக் குனிந்தபோதுதான் கைபேசி அடித்தது. மேடம்.

"அச்சை நிறுத்தச் சொன்னது நீயா?" குரல் வெல்லமாகத்தான் இருந்தது.

"ஆமா மேடம். அந்த எண் தப்பு. பதில் வராதவங்க யாருக்கும் இடம் கிடைக்கல."

"வெற்றுக் கட்டம்னா தெரியலைன்னு அர்த்தம். அதுல நீயா ஒண்ணை எழுதக் கூடாது. புள்ளியியல் படிக்கிற பொண்ணுக்கு நான் சொல்லணுமா?"

"நான் பார்த்தேன் மேடம். பேசினேன்."

எதிர்முனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"யார்கிட்ட?"

மை படிந்த விரல்கள் பெரியவளின் கண்முன் வந்தன. அந்த அச்சகத்துக்கு மேடம்தான் பெரிய வாடிக்கை.

"அதைச் சொல்ல மாட்டேன் மேடம்."

"சரி. நாளைக்கு வந்துதானே ஆகணும், பேசிக்கலாம்." ஒரு சின்னச் சிரிப்பு. "வரும்போது உன்கிட்ட இருக்கற ஆபீஸ் சாவியையும் எடுத்துட்டு வந்துடும்மா."

இணைப்பு அறுந்தது. கூடத்தில் விளக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை. அப்பா இன்னும் வரவில்லை. பெரியவள் கேக் தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து சின்னவளின் குரல் வந்தது. அழுது முடித்த குரல்.

"அக்கா. சுருட்டைக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது."

"காலையில நான் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. யார் அவகிட்ட சொல்றது?"

பெரியவள் விளக்கைப் போட்டாள். பையிலிருந்து டைரியை எடுத்தாள்.

மார்ச் 13, வியாழக்கிழமை.

நேற்று எழுதிய தவறு தவறே அல்ல. திருத்தம்தான் தவறு. அதை நம்பி ஒரே நாளில் இரண்டு பேர் தங்கள் இடத்தை விட்டுவிட்டார்கள். ஒன்று இனித் திரும்ப வராது. மற்றொன்று நாளைக் காலைவரை பெட்டியில் இருக்கும். தங்கை வருவாளா என்று தெரியவில்லை. வரச் சொல்வது சரியா என்றும் தெரியவில்லை.

நாளை: கல்லூரி அலுவலகம் திறக்கும் முன் சுருட்டையின் வீட்டுக்குப் போய், அவளிடம் நானே சொல்ல வேண்டும்.